சிபானி டால்ஃபினுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்த கதை

முதல் தடவை பெயிண்ட் அடித்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று, அதன் கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டேன். அது தை மாதம். சித்திரை பாதி கழிந்தபோது அதே கதவைச் சாய்வாகப் பார்த்தால், பாயில் வெறும் உடம்போடு படுத்து எழுந்தவன் முதுகு மாதிரி வரி வரியாக இருந்தது. பானெட்டில் குண்டூசியால் குத்திய மாதிரி புள்ளிகள். பின்பக்கம் ஒரு மூலையில் இரண்டு கொப்புளம். பளபளப்பு மட்டும் அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. பளபளப்பு இருப்பதால்தான் ஒவ்வொரு குறையும் பளிச்சென்று தெரிந்தது.

வண்டி என் மாமாவுடையது. சிபானி டால்ஃபின். இந்தத் தலைமுறைக்குப் பெயரே தெரியாது. 1982இல் பெங்களூரிலிருந்து வந்த சின்ன கார். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன்தான் இதற்கு மூலம். 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டே கதவு, அடியில் இரும்பு சேஸிஸ், மேலே முழுக்க ஃபைபர் கிளாஸ் பாடி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு இதைத் தேடிப் போனவர்கள் குறைவு. மாமா மட்டும் விடவில்லை. "துரு பிடிக்காத காருடா" என்பார். பாடிக்குத் துரு பிடிக்கவில்லை, வாஸ்தவம். சேஸிஸைப் பற்றி அவர் பேசவே மாட்டார்.

அவருக்குப் பிறகு வண்டி என்னிடம் வந்தது. நான் கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். பெயிண்ட் வேலை எனக்குத் தெரியாது என்பதால் நல்ல பெயர் உள்ள ஓர் இடத்தில் விட்டேன். தகர பாடி வண்டிகளில் அவர்கள் கை சுத்தம், அதை இன்றும் சொல்வேன். தவறு நடந்தது வேறு இடத்தில். ஃபைபரையும் தகரம் மாதிரியே நடத்தினார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போதாதென்று, மாமாவின் வெளிர் மஞ்சளை மாற்றி அடர் நீலம் வேண்டும் என்று கேட்டதும் நான்தான். அதற்காக ஆர்டிஓ அலுவலகம் போய் ஆர்சியில் நிறத்தை மாற்றிப் பதிந்த அலைச்சல் தனி.

என்ன ஆனது என்று எனக்கு விளக்கியவர் ஒரு மேஸ்திரி. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபைபர் வேலை பார்த்தவர். பஸ்ஸின் முகப்பு, பின்பக்கம், பம்பர் எல்லாம் அங்கே ஃபைபரில்தான் வார்ப்பார்கள். இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறார். என் பட்டறைக்கு வேறு வேலையாக வந்தவர், வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார். கதவின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார்.

"இது புது மேட்டுங்களா?"

ஆமாம். கதவில் பழைய விபத்துத் தழும்பு ஒன்று இருந்தது. அதை மறைக்கக் கண்ணாடி இழை மேட்டும் (பாய் மாதிரி விரிப்பு) அதை இறுக்கும் பிசினான ரெசினும் புதிதாக வைத்து, இரண்டாம் நாளே பட்டி பார்த்து, ஒரு வாரத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"கண்ணு, ரெசின் கல்லாட்டம் ஆயிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. அது இன்னும் உசுரோட இருக்கு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் எழுதுகிறேன். பாலியெஸ்டர் ரெசினில் வினையைத் தூண்டும் கேட்டலிஸ்ட் கலந்ததும் சூடாகி அரை மணியில் இறுகிவிடும். ஆனால் உள்ளே வினை முழுதாக முடிந்திருக்காது. அப்புறம் எப்போது நல்ல சூடு படுகிறதோ அப்போது மிச்சம் நடக்கும், ரெசின் இன்னும் கொஞ்சம் சுருங்கும். கண்ணாடி இழை சுருங்காது. எனவே இழை மேடாகவும் இடையில் உள்ள ரெசின் பள்ளமாகவும் மாறும். இழையின் அச்சு பெயிண்டைத் தாண்டி வெளியே தெரியும். வெள்ளை வண்டிக்கு ஏறும் சூட்டைவிட அடர் நீலத்துக்கு ஏறும் சூடு அதிகம். அதாவது நான் ஆசைப்பட்ட நிறமே என் கதவை அடுப்பில் வைத்துவிட்டது.

பானெட்டின் புள்ளிகளுக்குக் காரணம் வேறு. ஃபைபர் வார்க்கும்போது அச்சில் முதலில் ஜெல் கோட் என்ற தோலை அடிப்பார்கள். அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதற்குக் கீழே காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். தேய்க்கும்போது தோல் மெலிந்து குமிழிகள் வாய் திறக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊசித் துளை. அதன் மேல் பிரைமர் அடித்தால் அது துளையை நிரப்பாது, பாலம் மாதிரி மேலே மூடி நிற்கும். அழகாக இருக்கும். ஒரு நாள் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பாலத்தை உடைத்துக்கொண்டு வரும்.

போதாதற்கு, பழைய பெயிண்டை உரிக்கத் தகரத்துக்குப் போடும் ரிமூவரை ஊற்றியிருந்தார்கள். அந்த ரசாயனம் ஜெல் கோட்டையும் ரெசினையும் மென்மையாக்கும், துளைகளில் தங்கியும் விடும். கொப்புளம் அங்கிருந்து வந்தது என்றுதான் மேஸ்திரி அடித்துச் சொன்னார். ஹீட் கன்னும் ஃபைபருக்கு ஆகாது. உரிக்க வேண்டுமானால் கூரான ஸ்கிரேப்பர், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, 180. கை வலிக்கும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, நாமே செய்வோம் என்று முடிவு செய்தேன். பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிறது, மேஸ்திரி வாரம் ஒரு தடவை வந்து திட்டுவதாக ஒத்துக்கொண்டார்.

ஆனி மாதம் உரிக்க ஆரம்பித்தேன். முதலில் வண்டி முழுவதையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் எடுக்கும் கரைப்பானில் இரண்டு துணி வைத்துத் துடைத்தேன். ஒரு துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், அது காய்வதற்குள் அடுத்த துணியால் எடுத்துவிட வேண்டும். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். மெழுகு, பாலிஷ் படிந்த பரப்பைத் தேய்த்தால் தாளின் கீறலுக்குள்ளேயே அழுக்கைத் திணித்த மாதிரி ஆகும். புதிதாக வார்த்த ஃபைபர் பாகம் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய மெழுகு அதன் மேல் ஒட்டியே இருக்கும்.

ஃபைபர் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு தேய்த்தேன். இரவெல்லாம் அரிப்பு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை, அந்தச் சட்டையை அம்மா எல்லோர் துணியோடும் சேர்த்து மெஷினில் போட்டுவிட்டார்கள். மறுநாள் வீட்டில் நாலு பேரும் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன், மணிக்கட்டில் மாஸ்கிங் டேப், கையில் முன்கூட்டியே டால்கம் பவுடர். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல். வேலைத் துணிக்குத் தனி வாளி, அம்மாவின் உத்தரவு. மூக்குக்கு நல்ல மாஸ்க் போடாமல் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

உரித்த பிறகுதான் வண்டியின் நிஜ முகம் தெரிந்தது. சக்கர வளைவுகளிலும் கதவு கீலுக்குப் பக்கத்திலும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள். இவற்றின் மேல் பட்டி பூசினால் பட்டியும் அதே கோட்டில் மறுபடி விரியும். விரிசல் ஜெல் கோட்டில் தெரிந்தாலும் காரணம் அந்த இடம் வளைந்து கொடுப்பதுதான். அதனால் முன்பக்கம் விரிசலைக் குடைந்து எடுத்து, பின்பக்கம் அழுக்கை நீக்கி மேட் வைத்து பலப்படுத்தினோம். கதவில் புது மேட் வைத்த இடத்தையும் ஓரங்களை அகலமாகச் சரித்துத் தேய்த்து மறுபடி வைத்தோம். மேட் கிழிக்கும்போது கத்தரிக்கோல் வேண்டாம் என்பார் மேஸ்திரி. கையால் பிய்த்தால் ஓரத்து இழைகள் பிரிந்து நிற்கும், பழைய பரப்போடு கலந்துவிடும். கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும். இது சின்ன விஷயம், ஆனால் பெயிண்டுக்கு அடியில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது.

ஊசித் துளைகளுக்கு வருவோம். இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. பாலியெஸ்டர் பட்டியை, அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து எடுத்து, பழைய பிளேடு ஒன்றைக் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்து, துளைக்குள் திணிக்கிற மாதிரி அழுத்தி இழுக்க வேண்டும். பிறகு குறுக்காக ஒரு இழுப்பு. ஒரே பக்கம் இழுத்தால் துளையின் ஒரு ஓரத்தில் காற்று நின்றுவிடும். காய்ந்ததும் மேலே இருப்பதை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். துளைக்குள் இருப்பதுதான் தேவை, மேலே இருப்பது குப்பை. அப்புறம் வண்டியை வெளியே தள்ளி, சாய்ந்த வெயிலில் ஓரமாகப் பாருங்கள். விட்டுப்போனவை தெரியும். மறுபடி பிளேடு. பானெட்டுக்கு மட்டும் இதை ஐந்து தடவை செய்தேன். ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால் பிறகு மேல் பெயிண்டில் கறை ஊறி வரும்.

இன்னொன்று. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசும் என்சி பட்டியை ஃபைபர் பக்கம் கொண்டுவராதீர்கள். அது தின்னர் ஆவியாகித்தான் காயும், வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். முதல் தடவை என் வண்டியில் அதையும் தாராளமாக அப்பியிருந்தார்கள். வெறும் ஃபைபரிலோ பாலியெஸ்டர் பட்டியிலோ தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது, இரண்டும் ஈரம் உறிஞ்சும். பிரைமர் மூடும்வரை உலர்ந்த தாள்தான்.

ஆவணிக் கடைசியில் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்தோம். அடுத்தது என்ன என்று ஆவலாக நின்றபோது மேஸ்திரி ஒரு கறுப்பு ஸ்பிரே டப்பா வாங்கிவரச் சொன்னார். வண்டி முழுக்க மெல்லிசாகக் கறுப்புப் புகை மாதிரி அடிக்கச் சொல்லிவிட்டு, "வெளிய நிறுத்து" என்றார்.

"எத்தனை நாளுங்ணா?"

"புரட்டாசி முடியட்டும்."

எனக்குக் கோபமே வந்தது. ஆனால் வேலை மொத்தத்தின் சூட்சுமம் அந்த நிறுத்தலில்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. கறுப்பு என்பதால் வெயிலை இழுக்கும், சூடு ஏறும், ரெசின் சுருங்க வேண்டியது எல்லாம் இப்போதே சுருங்கித் தொலையும். பெயிண்டுக்குப் பிறகு வெளியே வரப்போகும் குறைகளை முன்கூட்டியே வரவழைக்கும் வேலை. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். காய்ந்த நாளில் வெளியே, பெய்த நாளில் தார்ப்பாய்க்குள் என்று ஒரு மாதம் ஓடியது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "கறுப்பே நல்லாருக்குதே, விட்டுருங்க" என்றார்கள். மாதக் கடைசியில் கதவில் இழையின் வரி லேசாக மேலே வந்திருந்தது. பானெட்டில் ஏழெட்டுத் துளைகள் புதிதாகத் திறந்திருந்தன. திட்டு வாங்காமல் மறுபடி பிளேடை எடுத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி மூடியே கிடந்தது. மார்கழியில் பியூ (பாலியூரித்தேன்) பிரைமர் சர்ஃபேஸர் மூன்று கோட், அதன் மேல் மறுபடி கறுப்புப் புகை. இந்தத் தடவை சூட்டுக்காக அல்ல, மேடு பள்ளம் காட்ட. கட்டையில் 320 நம்பர் தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு உடனே போகும், பள்ளத்தில் நிற்கும். கறுப்பு நிற்கிறதே என்று அந்த இடத்தை மட்டும் விரலால் அழுத்தித் தேய்த்தீர்களோ, பள்ளம் பெரிதாகும். விரல் வெறுமனே தாளைத் தொடவே கூடாது. டால்ஃபினின் கதவு தட்டையாக இருப்பதால் ஓரடி நீளக் கட்டை. வளைவுகளுக்கு ஹவாய் செருப்பை வெட்டி எடுத்த துண்டு, கடையில் விற்கும் ரப்பர் பிளாக்கைவிட எனக்கு அதுதான் கைக்கு வாகாக இருந்தது. நேராக முன்னும் பின்னும் தேய்க்காமல் குறுக்குமறுக்காக, எக்ஸ் போடுகிற மாதிரி. பிறகு தண்ணீரில் 400, கடைசியாக 600.

பெயிண்ட் நாளுக்கு மாசி மாதம் குறித்தோம். கோவைக்காரர்களுக்குத் தெரியும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெளியே பெயிண்ட் அடித்தால் பாதி ஊர் மண் வண்டியில் ஒட்டும். மாசியில் காற்று அமைதி, மழையும் இல்லை. பனி விலகிய பிறகு எட்டு மணிக்கு ஆரம்பித்து, பதினோரு மணிக்குள் முடிப்பது திட்டம்.

முந்தின நாள் ஒரு பழைய தகரத்தில் ஒத்திகை பார்த்தேன். நல்ல வேளை. அடித்த பெயிண்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகப் பள்ளம் விட்டது. மீன்கண் என்று சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், லேத் பக்கம் பையன் அன்று காலை சிலிக்கான் ஸ்பிரே அடித்திருக்கிறான். பத்தடி தள்ளி அடித்தது காற்றில் வந்து படிந்திருக்கிறது. அன்று முழுக்கப் பட்டறையைக் கழுவினோம். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் பூசும் பளபளப்பு எண்ணெய்களும் இதே வேலையைச் செய்யும்.

காலையில் தரையில் தண்ணீர் தெளித்தேன். தூசி அடங்கும் என்பது ஒன்று. ஃபைபரில் நிலைமின்சாரம் சேர்ந்து தூசியை இழுக்கும், ஈரக் காற்றில் அது குறையும் என்பது இன்னொன்று. உலர்ந்த துணியால் வறக் வறக்கென்று துடைத்தால் தூசி போவதற்குப் பதில் கூடும். தூசி பிடிக்கும் பிசின் துணியை வாங்கி, அழுத்தாமல் மேலாக ஒரு தடவை இழுத்தால் போதும். கம்ப்ரஸர் டாங்கின் தண்ணீரை வடித்துவிட்டேன், ஸ்பிரே கன்னுக்கு முன்னால் ஈரம் வடிகட்டும் டிராப்.

நிறம் மாமாவின் பழைய வெளிர் மஞ்சளே. மறுபடி ஆர்டிஓ அலுவலகம்தான், போகட்டும். பெயிண்ட் இரண்டு பாகம் கலக்கும் பியூ. நான் வாங்கியதில் நாலுக்கு ஒன்று ஹார்டனர், உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற பெயிண்டர்களை நிறையப் பார்த்திருப்போம். அது மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலே இழுப்பு வரும். தூசி மாஸ்க் இதற்கு உதவாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க்தான் உத்தமம், குறைந்தபட்சம் ஆவி பிடிக்கும் கேட்ரிட்ஜ் வைத்தது, புதிதாக. கண்ணாடி, கையுறையும் வேண்டும்.

மேலே நிறமில்லாமல் அடிக்கும் க்ளியர் கோட் வேண்டாம் என்றார் மேஸ்திரி. மெட்டாலிக் நிறம் என்றால் க்ளியர் இல்லாமல் முடியாது. இந்த மாதிரி வெறும் நிறத்துக்கு பியூவே போதும், பின்னால் தேய்த்து பாலிஷும் போடலாம். நானும் அதைத்தான் இப்போது சொல்வேன். ஒரு அடுக்கு குறைந்தால் தப்பு செய்யும் வாய்ப்பும் ஒன்று குறைகிறது.

1.3 மில்லிமீட்டர் முனை. ஒரு சாண் தூரம். முதல் கோட் மெல்லிசாக, பத்து நிமிஷ இடைவெளி, அப்புறம் இரண்டு முழு ஈரக் கோட். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் உடம்போடு நகர வேண்டும். பயந்து தூரத்திலிருந்து அடித்த இடமெல்லாம் ஆரஞ்சுத் தோலாயிற்று. தைரியம் வந்து நிதானமாக அடித்த இடத்தில், பின்பக்க ஓரம், ஒரு கோடு வழிந்தது. துடைக்கப் போன என் கையை மேஸ்திரி தட்டிவிட்டார். வழிந்ததைக் காயவிட்டு, நாலு நாள் கழித்துப் பிளேடால் சீவி, தேய்த்தால் இடமே தெரியவில்லை.

மூன்று நாள் காய்ந்ததும் தண்ணீரில் 1500, 2000. விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிட்டேன். டால்ஃபினுக்கு மூலை முடுக்கு அதிகம், விளிம்பில்தான் பெயிண்ட் மெல்லிசு, ஒரு நொடியில் பிரைமர் தெரிந்துவிடும். அப்புறம் கம்பளி பேடில் காம்பவுண்ட், ஸ்பாஞ்சில் பாலிஷ். பேடில் மஞ்சள் ஒட்டுவதைப் பார்த்து வயிறு கலங்கியது. க்ளியர் இல்லாததால் நிறம்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை. வாக்ஸ் மட்டும் இரண்டு மாதம் தொடவில்லை, உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் போகட்டும் என்று.

பொருளுக்கு மட்டும் ஏறக்குறைய 24,000 ரூபாய் ஆனது. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கு வைக்கவில்லை.

முடிந்த அன்று மீசை ஒதுக்கவில்லை. சித்திரை வரட்டும் என்று வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினேன். கத்திரி வெயில் கழிந்து ஒரு மாலை மேஸ்திரியைக் கூப்பிட்டேன். பட்டறை டியூப்லைட்டின் கோடு கதவில் முன்னாலிருந்து பின்னால்வரை நெளியாமல் ஓடியது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சுற்றி வந்து, பானெட்டில் வைப்பருக்குப் பக்கத்தில் நகத்தை நிறுத்தினார்.

"இங்க ஒண்ணை விட்டுட்டியே கண்ணு."

குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு ஊசித் துளை. அவர் டீ சொல்லச் சொன்னார்.